தேர்வு எழுதி ஆளுநரானவர்: சிங் சீனாவில் ஓர் அதிகாரியின் பணிவாழ்க்கை

கேள்வி இதுதான்: சிங் வம்சம் ஆண்ட பேரரசுக் கால சீனாவில் தேர்வு எழுதி வேலைக்கு வந்த ஒருவர் மாகாண ஆளுநர் பதவி வரை எப்படிப் போனார்? சம்பளம் என்ன, இடமாற்றம் எப்படி, தவறு நடந்தால் என்ன ஆகும்?

பொதுவாகப் பதில் சொன்னால் பதவிப் பெயர்களின் அட்டவணையாக முடிந்துவிடும். அதனால் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். யே மிங்சென். ஹூபேய் மாகாணத்து ஹான்யாங் ஊர்க்காரர். தெற்கே குவாங்சோ நகரில், அதாவது அன்றைய வெள்ளைக்காரர்கள் கான்டன் என்று சொன்ன ஊரில், பத்து ஆண்டுகள் ஆண்டார். 1858இல் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, 1859இல் கல்கத்தாவில் கைதியாகவே செத்துப்போனார். சீனாவிலும் சரி, பிரிட்டனிலும் சரி, ரொம்ப காலம் அவரை ஒரு கோமாளியாகத்தான் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வேலை என்னென்ன கற்றுக்கொடுத்ததோ அதைத்தான் அவர் கடைசி நாள் வரை செய்தார் என்பது என் எண்ணம். அதற்காகவே அவரை எடுத்துக்கொண்டேன்.

யேயின் குடும்பம் வசதியானது. ஹாங்கோவில் 'யே கைதாய்' என்ற பெயர்பெற்ற மருந்துக்கடை அவர்களுடையது. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தேர்வு எல்லாருக்கும் பொது என்பது உண்மைதான். ஆனால் ஏழெட்டு வயதிலிருந்து இருபது, முப்பது ஆண்டு உட்கார்ந்து படிக்கச் சோறு போட வீடு வேண்டும். முதலில் மாவட்ட அளவுத் தேர்வுகள், அடுத்து மாகாணத் தலைநகரில் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்வு, பிறகு பெய்ஜிங்கில் தலைமைத் தேர்வு, கடைசியாகப் பேரரசர் பெயரால் அரண்மனையில் நடக்கும் தேர்வு. கடைசிப் படியைத் தாண்டியவருக்கு ஜின்ஷி என்று பட்டம். நாடு முழுவதிலும் ஒரு சுற்றுக்கு இருநூறு, முந்நூறு பேர் தேறினால் அதிகம். கேள்விகள் கன்பூசிய நூல்களிலிருந்து வரும். விடையை எட்டு உறுப்புள்ள கட்டுரையாக, வரையறுத்த வடிவத்தில் எழுத வேண்டும். வரி வசூல், வழக்கு விசாரணை, அணை கட்டுவது எதையும் தேர்வு கேட்காது. யே 1835இல் ஜின்ஷி ஆனார். அப்போது முப்பது வயதைத் தொடவில்லை. பலருக்கு அந்தப் பட்டம் கிடைக்கும்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

ஜின்ஷி ஆனவுடன் பாதை இரண்டாகப் பிரியும். நல்ல இடம் பிடித்தவர்கள் ஹான்லின் கல்வியகத்துக்குப் போவார்கள். அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நூல் தொகுப்பது, ஆவணம் எழுதுவது என்று காலம் போகும். சம்பளம் சொற்பம், மரியாதை பெரிது. மற்றவர்களில் பலர் கவுண்டி எனப்பட்ட அடிமட்ட நிர்வாகப் பகுதிக்கு நிர்வாகியாக வெளியே போக வரிசையில் நிற்பார்கள். நாட்டில் ஏறத்தாழ 1,300 கவுண்டிகள். தகுதி பெற்றுக் காத்திருப்பவர்களோ அதைவிடப் பல மடங்கு. அதனால் பணி நியமன அமைச்சகத்தில் மாதாமாதம் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பல இடங்களை ஒதுக்கினார்கள்.

எல்லாக் கவுண்டியும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நான்கு அடையாளங்களில் எவை பொருந்தும் என்று குறித்து வைத்திருந்தார்கள்: பெருவழியில் உள்ள ஊர், வேலைப்பளு மிகுந்த ஊர், வரிபாக்கி விழும் ஊர், ஜனங்களை அடக்கக் கடினமான ஊர். நான்கும் பொருந்தினால் அது மிக முக்கியமான பதவி. அங்கே சீட்டுக் குலுக்கல் கிடையாது, அனுபவசாலி ஒருவரை மாகாண ஆளுநரே பரிந்துரைப்பார். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு அரசு, தன் ஊர்களை இவ்வளவு வெளிப்படையாகத் தரம் பிரித்து வைத்திருந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

குலுக்கலுக்கு மேலே ஒரு கண்டிப்பான விதி. சொந்த மாகாணத்தில் யாருக்கும் பதவி கிடையாது. பக்கத்து மாகாணமாகவே இருந்தாலும் வீட்டிலிருந்து 500 லி தூரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 280 கிலோமீட்டருக்குள், ஊர் இருக்கக் கூடாது. நெருங்கிய உறவினர் மேலதிகாரியாக இருந்தால் இருவரில் ஒருவர் மாற வேண்டும். ஒரு இடத்தில் மூன்று ஆண்டு உட்கார்ந்தால் பெரிது. நோக்கம் நல்லதுதான்: உள்ளூரில் வேர்பிடித்து அதிகாரம் சேர்க்கக் கூடாது. விளைவு என்ன? வந்து இறங்கும் அதிகாரிக்கு அந்த ஊர்ப் பேச்சு புரியாது. குவாங்சோ இருக்கும் குவாங்டாங் மாகாணத்தில் பேசுவது வடக்கத்தியர் காதில் வேற்றுமொழி. விசாரணையில் சாட்சி சொல்வதை எழுத்தர் பெயர்த்துச் சொன்னால்தான் உண்டு.

கவுண்டி நிர்வாகி என்பவர் நம் தாசில்தார், மாஜிஸ்திரேட், போலீஸ் இன்ஸ்பெக்டர், சிறைக் கண்காணிப்பாளர் எல்லாம் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று லட்சம் ஜனத்துக்கு அவர் ஒருவர். மழை பொய்த்தால் கோயிலில் போய் வேண்டிக்கொள்வதும் அவர் கடமை. யாமென் எனப்பட்ட அலுவலகத்தில் எழுத்தர்களும் சேவகர்களும் நிறைய இருப்பார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், பெயருக்குச் சம்பளம் அல்லது அதுவும் இல்லை. அதிகாரி மூன்றாண்டில் போய்விடுவார், அவர்கள் தலைமுறையாக அங்கேயே இருப்பார்கள். மனு கொடுக்கக் காசு, அதை எடுத்து மேசையில் வைக்கக் காசு, சம்மன் கொண்டுவரும் சேவகரின் செருப்புத் தேய்மானத்துக்குக்கூடக் காசு. இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க அதிகாரி தன் கைக்காசில் ஆலோசகர்களை அழைத்து வருவார்: சட்டத்துக்கு ஒருவர், வரிக்கணக்குக்கு ஒருவர். இந்தத் தொழிலுக்கே பேர்போன ஊர் செஜியாங் மாகாணத்து ஷாவோசிங். தேர்வில் தேறாத படிப்பாளிகள் அங்கிருந்து நாடெங்கும் போனார்கள். தீர்ப்பு எழுதியவர் ஆலோசகர், முத்திரை வைத்தவர் அதிகாரி என்று சொன்னால் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

சம்பளக் கணக்கு வேடிக்கையானது. கவுண்டி நிர்வாகிக்கு ஆண்டுச் சம்பளம் 45 டேல் வெள்ளி. ஒரு டேல் என்பது சுமார் 37 கிராம். ஆலோசகர் ஒருவருக்கே அதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். இந்த அபத்தத்தை உணர்ந்த யொங்செங் பேரரசர் 1720களில் 'நேர்மையைப் பேணும் வெள்ளி' என்று தனிப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். கவுண்டி நிர்வாகிக்கு ஊரைப் பொறுத்து 400 முதல் 2,000 டேலுக்குச் சற்று மேல் வரை. தலைமை ஆளுநருக்கோ பத்தாயிரத்துக்கும் மேல். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதே பணத்திலிருந்து அலுவலகச் செலவு, அபராதம், பழைய அதிகாரி விட்டுப்போன பாக்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். விலைவாசி ஏறியது, படி ஏறவில்லை. பழையபடி வழக்கக் கட்டணங்கள் திரும்பி வந்தன.

அதிலும் மேலே போக வேண்டிய மரியாதைப் பணம் தனி. பெய்ஜிங்கில் உள்ள அதிகாரிகளுக்குக் கோடையில் 'பனிக்கட்டிப் பணம்', குளிர்காலத்தில் 'கரிப் பணம்'. வெயிலில் குளிரவும் பனியில் காயவும் என்று பெயர். நோக்கம் என்ன என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். முதல் பதவிக்குப் புறப்படும்போதே சான்சி வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கிப் போனவர் ஏராளம். இதை லஞ்சம் என்ற ஒரே சொல்லில் அடைப்பது எளிது. ஆனால் அந்தப் பணம் இல்லாமல் யாமென் ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. எது வழக்கம், எது கொள்ளை என்ற கோடு ஒவ்வொரு அதிகாரியும் தானே போட்டுக்கொண்டது.

பதவி உயர்வுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு. அதைவிடப் பயமுறுத்தியது தண்டனைப் பட்டியல். கொலைகாரன் குறித்த நாளுக்குள் பிடிபடவில்லையா, வரி முழுதாக வரவில்லையா, சிறையிலிருந்து ஆள் தப்பினானா, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மாதச் சம்பள வெட்டு, இத்தனை படி இறக்கம் என்று விதி இருந்தது. நல்ல பெயர் எடுத்தால் கிடைக்கும் தகுதிக் குறிப்புகளைச் சேர்த்து வைத்து இந்தத் தண்டனைகளுக்கு ஈடுகட்டலாம். வேலைநீக்கம் செய்யப்பட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களும் உண்டு. குற்றத்தைப் போக்கிக்கொள்ள வாய்ப்பு என்று அதற்குப் பெயர். இப்படி ஒரு முறை இருந்தால் மனிதன் எதைக் கற்றுக்கொள்வான்? கெட்ட செய்தியை மேலே அனுப்பாமல் இருக்க.

பெற்றோர் இறந்தால் 27 மாதம் பதவியை விட்டு ஊருக்குப் போயாக வேண்டும். ஆளுநரானாலும் விதிவிலக்கு அரிது. பலருடைய ஏற்றம் இதனால் பாதியில் நின்றது. ஒரு சிலருக்கு இதுவே வாசலாகவும் ஆனது. 1852இல் தாய் இறந்து ஹூனானில் துக்கம் காத்துக்கொண்டிருந்த செங் குவோஃபான் என்ற அதிகாரியைத்தான், தைப்பிங் என்ற பெரும் உள்நாட்டுக் கிளர்ச்சியை எதிர்க்க உள்ளூர்ப் படை திரட்டச் சொன்னது அரசவை. சொந்த மாகாணத்தில் அதிகாரம் கூடாது என்ற விதி அங்கே தானாகத் தளர்ந்துபோனது.

இனி யேக்கு வருவோம். ஹான்லினில் சில ஆண்டு இருந்துவிட்டு 1838இல் சென்சி மாகாணத்து சிங்ஆன் மாவட்டத்துக்கு ஆட்சியராகப் போனார். தன் ஊரில் யாங்சியோடு கலக்கும் அதே ஹான் நதியின் மேற்பகுதியில் உள்ள ஊர் அது. ஹான்லின்காரர் என்பதால் கவுண்டி என்ற அடிப்படியை அவர் மிதிக்கவே இல்லை. கீழ்மட்ட விசாரணைக் கூடத்தில் உட்கார்ந்து பழகாமலே மேலே வந்தவர். பிறகு வேகம்தான். சான்சியில் மண்டல அதிகாரி, ஜியாங்சியில் உப்புத்துறை அதிகாரி, யுன்னானில் மாகாண நீதி ஆணையர், ஹூனானிலும் கன்சுவிலும் பின்னர் குவாங்டாங்கிலும் நிதி ஆணையர். 1848இல் குவாங்டாங் ஆளுநர். பத்து ஆண்டு, ஏழு மாகாணம். வடமேற்கின் வறண்ட மேட்டிலிருந்து தென்மேற்கு மலைக்கும் அங்கிருந்து தென்கடலுக்கும் நாற்காலி மாறிக்கொண்டே இருந்தது. இது தோல்வியடைந்தவரின் பாதை இல்லை. அன்றைய அளவுகோலில் எல்லாரும் பொறாமைப்பட்ட பாதை.

ஆளுநர் ஆனாலும் தனியாட்சி இல்லை. குவாங்டாங், குவாங்சி இரண்டுக்கும் மேலே ஒரு தலைமை ஆளுநர், அவரும் அதே குவாங்சோ நகரிலேயே. இருவரும் பேரரசருக்குத் தனித்தனியே எழுதலாம். ஒருவர் மறைப்பதை மற்றவர் சொல்லிவிடுவார் என்ற கணக்கு. எழுதியதன் ஓரத்தில் பேரரசர் சிவப்பு மையில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். அவசரத் தபாலுக்கே பெய்ஜிங் போய்ச்சேர இரண்டு வாரம் ஆகும்.

1849இல் ஒரு சோதனை வந்தது. அபினிப் போருக்குப் பின் 1842 ஒப்பந்தப்படி குவாங்சோ துறைமுகம் பிரிட்டிஷ்காரர்களுக்குத் திறந்தது. ஆனால் மதிலுக்குள் அவர்களை விட ஊர் ஜனம் சம்மதிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து விடுகிறேன் என்று 1847இல் அப்போதைய தலைமை ஆளுநர் சியிங் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தவணை வந்தபோது நாற்காலியில் இருந்தவர்கள் தலைமை ஆளுநர் ஷூ குவாங்ஜினும் ஆளுநர் யேயும். ஊர்க்காவல் படையைத் திரட்டினார்கள், வணிகர்கள் வியாபாரத்தை நிறுத்தினார்கள், பேரரசரே மறுத்துவிட்டார் என்று ஹாங்காங் ஆளுநருக்கு ஷூ ஓர் ஆணையைக் காட்டினார். பேரரசர் எழுதியதோ, ஒரு தரம் வேண்டுமானால் உள்ளே விடு என்று. ஷூ காட்டியது அவராகவே புனைந்தது என்பது ஆவணங்களை ஒப்பிட்டபின் தெரிந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அப்போதைக்கு விட்டுவிட்டார்கள். தாவோகுவாங் பேரரசருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. ஷூவுக்கும் யேக்கும் பரம்பரைப் பிரபுப் பட்டம், தொப்பியில் செருக மயில்பீலி. வெள்ளைக்காரரிடம் அசையாமல் நின்றால் பரிசு கிடைக்கும் என்பது அரசவையே முத்திரை குத்திக் கொடுத்த பாடம்.

1852இல் ஷூ தைப்பிங் போருக்குப் போக, தலைமை ஆளுநர் பொறுப்பு யேயிடம் வந்தது. 1854இல் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி. பக்கத்து ஃபோஷான் விழுந்தது, குவாங்சோவைச் சுற்றி வளைத்தார்கள். யே தாக்குப்பிடித்தார், திருப்பி அடித்தார். அடுத்த ஆண்டு நடந்த பழிவாங்கலைப் படிக்கவே நெஞ்சு பதறும். அமெரிக்காவில் யேல் பல்கலையில் படித்து ஊர் திரும்பிய யுங் விங் அந்த 1855 கோடையில் குவாங்சோ கொலைக்களத்தை நேரில் போய்ப் பார்த்தவர். வெட்டப்பட்டவர்கள் 75,000 பேர் என்று சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறார். எண்ணிக்கை அப்படியே சரியோ இல்லையோ, யே மிங்சென் வெறும் சோம்பேறி என்ற சித்திரம் இதனோடு ஒட்டவில்லை. அரசவை அவரை மாபெரும் செயலர் என்ற உச்சப் பட்டத்துக்கு உயர்த்தியது, குவாங்சோவிலேயே இருக்கவும் சொன்னது.

1856 அக்டோபர் 8இல் ஆரோ என்ற கப்பலில் சீனக் காவலர் ஏறிப் பன்னிரண்டு மாலுமிகளைப் பிடித்தார்கள். கடற்கொள்ளைச் சந்தேகம். கப்பல் ஹாங்காங்கில் பதிவானது என்று பிரிட்டிஷ் தூதர் பார்க்ஸ் குதித்தார். அந்தப் பதிவு சில நாள் முன்பே காலாவதி ஆகியிருந்தது. யே பன்னிருவரையும் திருப்பி அனுப்பினார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அக்டோபர் 27 முதல் அவருடைய யாமெனைக் குறிவைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு குண்டு விழுந்தது. அவர் பதிலுக்கு ஆங்கிலேயர் தலை ஒன்றுக்கு 30 டாலர் என்று அறிவித்தார். போதிய ஆள் இல்லாமல் 1857 தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. பெய்ஜிங்குக்கு அது வெற்றிச் செய்தியாகப் போனது. அடுத்து எல்ஜின் பிரபு தலைமையில் பெரும்படை புறப்பட்டு வந்தபோது, இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடிக்க, சீனாவுக்கு வந்த துருப்புகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார்கள். மீரட்டும் டெல்லியும் குவாங்சோவுக்கு ஆறு மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தன என்றே சொல்லலாம். யே அந்த அவகாசத்தை, எதிரி சோர்ந்துவிட்டான் என்று படித்தார்.

டிசம்பர் 28இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சேர்ந்து குண்டு போட்டன. மறுநாளே மதில் அவர்கள் கையில். ஜனவரி 5இல் யே பிடிபட்டார். யாமெனில் இருந்த ஆவணப் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றில் வெளிநாட்டரசுகளோடு செய்த ஒப்பந்தங்களின் மூலப்பிரதிகளே கிடைத்தன. பேரரசின் வெளியுறவு, தெற்கில் ஒரு மாகாண அதிகாரியின் அலமாரியில் இருந்தது. அதற்கென்று தனி அலுவலகம் பெய்ஜிங்கில் 1861இல்தான் வந்தது.

ஊர் ஜனம் அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டியது: போரிடவில்லை, சமாதானம் பேசவில்லை, காக்கவில்லை, சாகவில்லை, சரணடையவில்லை, ஓடவில்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் அவர் நாற்காலியிலிருந்து பாருங்கள். போரிடத் துருப்பும் வெள்ளியும் தைப்பிங் போருக்குப் போய்க்கொண்டிருந்தன. புதுச் சண்டை வேண்டாம் என்பதே பேரரசர் விருப்பம். சமாதானம் என்றால் வாசலைத் திறப்பது. திறந்தால் 1849இல் வாங்கிய பட்டம் என்ன ஆகும்? காக்க உதவி கேட்டால், இத்தனை நாள் எழுதிய வெற்றிச் செய்திகள் பொய் என்று தானே ஒப்புக்கொள்வதாகும். ஓடினால் சட்டப்படி தலை போகும். அவரை நான் நல்லவர் என்று சொல்லவில்லை. 1855ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் அந்தப் பாட்டில் உள்ள ஆறில் நான்கு, பணி விதிகளிலிருந்தே வருகிறது.

கல்கத்தாவில் முதலில் வில்லியம் கோட்டையிலும் பிறகு டாலிகஞ்சில் ஒரு வீட்டிலும் வைத்திருந்தார்கள். எழுதித் தந்த சித்திர எழுத்துகளில் தன்னைக் 'கடல்கடந்த சூ வூ' என்று கையெழுத்திட்டதாகச் சொல்வார்கள். சூ வூ என்பவர், ஹான் பேரரசர் அனுப்பிய தூதர்; எதிரி நாட்டில் 19 ஆண்டு கைதியாக இருந்தும் விசுவாசம் மாறாதவர். 1859 ஏப்ரல் 9இல் யே இறந்தார். கொண்டுபோன அரிசி தீர்ந்ததும் அந்நிய மண்ணின் தானியத்தைத் தொட மறுத்துவிட்டார் என்பது சீனத் தரப்புக் கதை.

தவறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு யே ஒரு விடை மட்டும்தான். அவரோடு அதே 1835இல் ஜின்ஷி ஆனவர் ஹே குய்ச்சிங். அவரும் ஹான்லின், அவரும் தலைமை ஆளுநர், யாங்சியின் கீழ்ப்பகுதிக்கு. 1860இல் தைப்பிங் படை நெருங்கியபோது சாங்சோ நகரை விட்டு ஓடினார். போகாதீர்கள் என்று வழிமறித்த ஊர்ப் பெரியவர்களை அவருடைய காவலர்கள் சுட்டார்கள். 1862இல் பெய்ஜிங்கில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. மூன்றாமவர் குவாங்டாங் ஆளுநர் போகுய். யே பிடிபட்ட அன்றே அவரும் பிடிபட்டார். ஆனால் பிரிட்டிஷ், பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் திரும்ப அவருடைய யாமெனிலேயே உட்காரவைத்து, தங்கள் மேற்பார்வையில் ஊரை நடத்தச் சொன்னார்கள். பெய்ஜிங், யேயைப் பதவிநீக்கம் செய்த கையோடு, புதியவர் வந்து சேரும்வரை தலைமை ஆளுநர் பொறுப்பையும் இந்தப் போகுய்யிடமே கொடுத்தது.